எரிக்கும் முன் ஒரு பிடி விதை எடுத்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. மலைச்சரிவில் பிடுங்கிக் குவித்த கஞ்சாச் செடிகள், பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் கேன், சுற்றி நாலைந்து அதிகாரிகள். செய்தி ஆறே வரிதான். எத்தனை செடி, என்ன மதிப்பு, யாரைத் தேடுகிறார்கள் என்பதோடு முடிந்துவிட்டது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குவியலின் ஓரத்தில் கிடந்த செடியில் ஒரு இலை நேராகத் தெரிந்தது. ஒல்லி ஒல்லியாக விரல் விரித்த மாதிரி இலை. அதன் நுனி கருநீலமாக இருந்ததா, அச்சு மை அப்படிக் காட்டியதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பெயர் வந்துவிட்டது. நீலச்சடையன்.

எங்கள் மலையின் பழைய நாட்டுக் கஞ்சா ரகத்துக்கு அதுதான் பெயர். இடுக்கி மலையில் இருக்கிற பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். வெளியூர்க்காரர்கள் 'இடுக்கி கோல்டு' என்பார்கள். இரண்டு பெயரும் இன்னும் பேச்சில் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரிய செடி மலையில் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 68 வயது. எங்கள் குடும்பம் கம்பத்திலிருந்து மெட்டு ஏறி வந்த குடும்பம். அப்பா வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் பிறந்தேன், லயத்தில்தான் வளர்ந்தேன். மதுரையில் தாவரவியல் படித்துவிட்டு, இடுக்கி மாவட்டத்திலேயே தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு 31 வருடம் பாடம் எடுத்தேன். இப்போது குமுளியில் இருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சாவைக் கடையில் விற்க அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், மைட்டோகாண்ட்ரியா படத்தை என்னைவிட அழகாகப் போர்டில் வரைவான். பதினேழு வயதில் பொட்டலத்தில் ஆரம்பித்து, வேறு எதெதற்கோ போய், இருபத்திரண்டு வயதில் அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்தத் தாயின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்தின் பின்பக்கம், எருக்குழிக்கும் வேலிக்கும் நடுவில், அப்பத்தா இரண்டு மூன்று செடி வைத்திருப்பாள். அப்பத்தா வாயிலிருந்து கஞ்சா என்ற சொல்லை நான் கேட்டதில்லை. 'மூலி' என்பாள். கோரக்கர் மூலி என்பதன் சுருக்கம் என்று பிற்பாடு சித்த மருத்துவ நூல்களைப் புரட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. லயத்தில் மாட்டுக்குக் கழிச்சல் என்றால் அப்பத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றாலும் அவளைத்தான் தேடுவார்கள். அப்போதும் அந்தச் செடிக்கு அனுமதி கிடையாதுதான். ஆனால் இரண்டு செடியைக் கேட்டு மலை ஏறி வருகிறவர் யாரும் இல்லை.

சித்திரை, வைகாசியில் முதல் மழைக்கு விதை போடுவாள். ஆடி மாதச் சாரலில் செடி என்னைவிட உயரமாகிவிடும். ஐப்பசி அடைமழையிலும் அது பூக்காது. கார்த்திகையில் பனி இறங்கத் தொடங்கும்போதுதான் மெதுவாகப் பூ எடுக்கும். தையில்தான் முற்றும். முற்றுகிற காலத்தில் காலை நேரம் போய்ப் பார்த்தால், மேல் கொத்துகளின் நுனி நீலமும் ஊதாவுமாக இருக்கும். கொத்து கொத்தாக நீண்டு, பின்னிவிட்ட சடைபோலத் தொங்கும். நீலச்சடையன் என்று பெயர் வைத்தவர் அந்தச் செடியைப் பனிக்காலத்து விடியலில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வாசனையைச் சொல்லாவிட்டால் செடியைச் சொன்னதாகாது. மாங்காய்த் தோலைச் சீவும்போது வருமே, அந்த வாசம் முதலில் வரும். அதற்குப் பின்னால் கசக்கிய துளசி. அப்புறம் அடியில், மழையில் நனைந்த மரப்பட்டை மாதிரி ஒன்று. இன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் மூத்திரச் சந்துகளில் அடிக்கிற காரமான நெடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் ஒரு தடவை கொத்தைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்துகொண்டிருந்தேன். விரலில் பிசின் ஒட்டியிருந்தது. "தொட்ட கைய மூக்குல வைக்காத தாயி, தலை சுத்தும்" என்று அப்பத்தா சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். அந்தச் சாம்பலுக்கும் அடங்காமல் ராத்திரி வரைக்கும் விரலில் மாங்காய் வாசம் இருந்தது.

1977 பொங்கல் விடுமுறைக்கு நான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். கல்லூரியில் ஐம்பது செடிகளின் உலர்மாதிரி ஒட்டிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் ஆவாரை, எருக்கு, நாயுருவி என்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இதையும் சேர்க்கலாம் என்று ஒரு பூக்கொத்தை ஒடிக்கப் போனேன். அப்பத்தா கையைப் பிடித்துவிட்டாள். "அது விதைக்கு விட்டது. அத ஒடிச்சா அடுத்த வருசம் எதப் போடுறது?" என்றாள். கீழே இருந்து ஒரு இலைக்கிளையை மட்டும் தந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கலயத்திலிருந்து கொஞ்சம் விதையை அள்ளி வந்து, பதினொன்று எண்ணி என் உள்ளங்கையில் போட்டாள்.

பூ இல்லாத மாதிரி பாதி மாதிரி என்று பேராசிரியர் பத்துக்கு ஆறு மதிப்பெண்தான் போட்டார். ஆனால் தாளைத் திருப்பித் தரும்போது, "எந்த மலை, எவ்வளவு உயரம், யார் வீட்டுச் செடி, எல்லாம் எழுது. ஊர் பெயர் இல்லாத செடிக்கு மதிப்பில்லை" என்றார். எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. கிளை பழுப்பேறி வெற்றிலைச் சருகு மாதிரி ஆகிவிட்டது. விதைகளைத் தபால்தலை அளவு காகித மடிப்பில் வைத்து மூலையில் ஒட்டியிருக்கிறேன். கேழ்வரகைவிடப் பெரிசு, மிளகைவிடச் சின்னது. சாம்பல் நிற ஓட்டின்மேல் கறுப்புக் கோடுகள், ஆமை ஓட்டில் இருப்பதுபோல. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பதினொன்றில் ஒரு விதையின் கோலம் இன்னொன்றில் இல்லை.

அப்பத்தா 1983-ல் இறந்துபோனாள். அவள் போன பிறகு அப்பா அந்த வழக்கத்தை விடவில்லை. வருடத்துக்கு ஒரு செடி, இரண்டு செடி. 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. செடி வளர்த்தாலே ஐந்து வருடம் வரைக்கும் கடுங்காவல், ஐம்பதாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். அந்தக் காலத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் என்பது கங்காணி ஒருவர் ஆயுளில் பார்க்காத பணம். அடுத்த வருடம் மலையெல்லாம் சோதனை என்று பேச்சு வந்ததும், அப்பா ஒரு சாயங்காலம் செடியை வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டு மூடினார். பிறகு அடுப்படிப் பரணிலிருந்து கலயத்தை இறக்கினார். சாம்பலில் புரட்டி வைத்த விதை, அரைக்கலயம் இருக்கும். அதை எடுத்துப்போய் ஓடையில் கொட்டினார். சாம்பல் தண்ணீரில் கரைந்து வெள்ளையாக ஓட, விதைகள் கொஞ்ச தூரம் மிதந்து போய்ச் சுழியில் சுற்றின.

எனக்கு அப்போது 29 வயது. தாவரவியல் பட்டதாரி. வேலையில் இருக்கிற ஆசிரியை. இந்த விதை எங்கள் பாட்டி பூட்டி வழியாக வந்தது, இந்த மலைக்கென்றே பழகிய வித்து, இதை எங்காவது ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டியவள். நான் ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மேல் எனக்கு வருத்தம் கிடையாது, அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார். வருத்தமெல்லாம் என் மேல்தான்.

அப்பத்தா போல மலையில் எத்தனையோ பேர் வைத்திருந்தார்கள். வியாபாரத்துக்குப் பயிரிட்டவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அது எல்லாமே அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் பிடுங்கி எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பிடிபடுகிற சரக்கு பெரும்பாலும் ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது. சீலாவதி என்று ஒரு ரகத்தின் பெயரைக்கூட இப்போது மலையாளப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். அங்கேயும் கதை அதேதான். 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோவை ஒரே இடத்தில் குவித்து எரித்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் வந்த கேள்வி, இதில் ஒரு கைப்பிடி விதையையாவது யாராவது எடுத்து வைத்தார்களா என்பதுதான்.

இது என்ன பெரிய இழப்பா என்று கேட்கலாம். வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் போகும், கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒரு மலைக்கு வெளியூர் விதை வந்து பூத்துவிட்டால், அந்த மலையின் பழைய செடி இரண்டு மூன்று தலைமுறையில் கலந்து காணாமல் போய்விடும். பிடுங்கி எரிக்கவே வேண்டாம். பழைய ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தனி இடம் வேண்டும், ஒரு செடி இரண்டு செடி போதாது, பத்துக் கணக்கில் ஆணும் பெண்ணும் சேர்த்து வளர்த்து விதை எடுக்க வேண்டும். விதையும் வெறுமனே பரணில் கிடந்தால் சில வருடம்தான் உயிரோடு இருக்கும். ஈரம் போக உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, உறைகுளிரில் வைத்தால் பல பத்து வருடம் தாங்கும். நெல்லுக்கும் கத்தரிக்கும் இதைத்தானே செய்கிறோம்.

நீலச்சடையன் ஏன் அப்படி மெதுவாகப் பூத்தது? நம் மலை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி, இரண்டு பருவமழையும் ஓய்ந்த பிறகு பூக்கக் கற்றுக்கொண்ட செடி அது. ஒல்லி இலை, நெருக்கமில்லாத கொத்து. எங்கள் நூல்மழையில் இறுகிய கொத்து என்றால் உள்ளே பூஞ்சை பிடித்து அழுகிவிடும். இதை எந்த ஆராய்ச்சி நிலையமும் செய்யவில்லை. மழையும் பனியும் ஒரு பக்கம் கழித்துக்கட்ட, அப்பத்தா மாதிரி ஆட்கள் வருடா வருடம் நல்ல கொத்தை விதைக்கு விட்டு விட்டு உண்டாக்கினது.

ஏலக்காய்க்காரர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மலபார், மைசூர், வழுக்கை என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு ஏலம். 1980-களின் கடைசியில் கட்டப்பனை பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் ஞள்ளானி ரகத்தைக் கண்டெடுத்தார். விளைச்சல் மடங்காக வந்தது. சில வருடத்தில் மலை முழுக்க ஞள்ளானி. பழைய ஏலத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எல்லாரும் அதையே நட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பல குடும்பங்கள் அதனால்தான் வீடு கட்டின. ஆனால் பழைய ஏலம் அழிந்துவிடவில்லை. பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் இருக்கிற ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்களில் பழைய வகைகளைச் சேர்த்து வளர்த்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஞள்ளானிக்குப் புது நோய் வந்தால் ஓடிப்போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அதே மலையில், அதே மண்ணில் வளர்ந்த இன்னொரு செடிக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இன்னொன்று. 1960-களிலும் 70-களிலும் கோவளம் கடற்கரையில் வந்து தங்கிய வெளிநாட்டு இளைஞர்கள் பலர் போகும்போது சும்மா போகவில்லை. தென்னிந்திய விதையும் கடல் கடந்தது. கலிபோர்னியாவில் 70-களில் உண்டான 'ஹேஸ்' என்ற பெயர்பெற்ற ரகத்தின் வம்சத்தில் கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்து விதைகளோடு தென்னிந்திய விதையும் சேர்ந்தது என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் 90-களில் புகழ்பெற்ற 'ஒயிட் விடோ'வுக்குத் தாய் பிரேசில் செடி, தகப்பன் தென்னிந்திய மலைச்செடி என்கிறார்கள். ஆக, நம் செடியின் ரத்தம் அங்கே விதைக் கம்பெனிகளின் பாக்கெட்டில் விலைக்குக் கிடைக்கிறது. இங்கே நம்மிடம் ஒரு விதை இல்லை, ஒரு பதிவு இல்லை, எங்களுடையது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டம் இது.

வெளிநாட்டிலும் பழையது அப்படியே இல்லை. 70-களின் பிற்பாதியில் மெக்சிகோவின் வயல்களில் பாராக்வாட் என்ற களைக்கொல்லியை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அப்புறம் எல்லாரும் விளக்கு வெளிச்சத்தில் அறைக்குள் வளர்க்கத் தொடங்கியதும், எட்டு வாரத்தில் பூத்து முடிகிற குட்டையான ஆப்கானிஸ்தான் செடியோடு கலந்துவிட்டார்கள். நாலு மாதம் பூக்கிற உயரமான செடி யாருக்கு வேண்டும்? போதையைத் தருகிற டி.எச்.சி. ஒன்றையே குறிவைத்து ஏற்றிக்கொண்டே போனார்கள். இப்போது 'அகாபுல்கோ கோல்டு', 'பனாமா ரெட்' என்று இளமையில் கேட்ட பெயர்களை எழுபது வயதில் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் அங்கே நிறைய. பாக்கெட்டில் அந்தப் பெயர் கிடைக்கிறது, உள்ளே அந்தச் செடி இல்லை என்று புலம்புகிறார்கள். அவர்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. புகையை விடுங்கள். ஒரு வாசனை உலகத்திலிருந்தே போய்விட்டது என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மொராக்கோவைப் பார்த்தாவது நாம் கற்றுக்கொள்ளலாம். அங்கே ரிஃப் மலையில் 'பெல்தியா' என்ற நாட்டுச் செடியை வெளிநாட்டுக் கலப்பினம் ஏறக்குறைய ஒழித்துவிட்டது. 2021-ல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி அமைந்த அரசு அமைப்பே இப்போது பெல்தியாவைப் பயிரிட விவசாயிகளுக்கு அனுமதி கொடுக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற செடி அது, வறட்சிக்கு நின்றது. ரஷ்யாவில் வாவிலோவ் என்ற பயிர் விதை ஆராய்ச்சி நிறுவனத்தில், இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையின்போது விதைக் குவியலுக்கு நடுவில் பட்டினி கிடந்து செத்தார்களே விஞ்ஞானிகள், அதே நிறுவனத்தில் கஞ்சா வகைச் செடிகளின் பெரிய விதைத் தொகுப்பும் இருக்கிறது. நார்ப் பயிர் என்ற கணக்கில் சேர்த்தது. பயிரில் நல்லது கெட்டது என்று பார்த்து அவர்கள் விதை சேர்க்கவில்லை.

நம் நாட்டில் இது முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1985-ஆம் வருடச் சட்டத்தின் 8-வது பிரிவே, மருத்துவ, அறிவியல் தேவைக்கு விதிகளின்படி செய்வதை விலக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தடை செய்கிறது. 10-வது பிரிவு, செடி வளர்ப்பதை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிக்கொத்து. கொத்தோடு சேராத தனி விதையும் தனி இலையும் அந்த விளக்கத்தில் வராது. உத்தரகாண்ட் மாநிலம் 2018-லேயே போதை குறைந்த வகையை நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அனுமதித்துவிட்டது. 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றுக்கொண்டது. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் அனுமதி வாங்கிக் கஞ்சாவைத் தோட்டமாகவே வளர்த்து மருந்து ஆராய்ச்சி செய்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து இந்தச் செடியை எடுக்க வேண்டும் என்ற ஓட்டெடுப்பில் இந்தியா ஆதரித்துக் கை தூக்கியது. குழந்தைகளின் கடுமையான வலிப்புக்கு இந்தச் செடியிலிருந்து பிரித்த மருந்தை அமெரிக்கா 2018-ல் அங்கீகரித்தது. அந்த மருந்தில் இருக்கிற பொருள் போதை தராத சி.பி.டி. நம் மலைச்செடியில் என்னென்ன பொருள் எவ்வளவு இருந்தது என்று அளந்து பார்க்கவாவது ஒரு செடி வேண்டாமா?

என் கோரிக்கை சின்னது. திருச்சூர் வெள்ளானிக்கரையில் தேசியத் தாவர மரபணு வளங்கள் நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. இதே மலைகளின் காட்டு மிளகையும் நாட்டுக் காய்கறியையும் சேகரித்தவர்கள். டெல்லியில் அவர்களுடைய தேசிய மரபணு வங்கியில் உறைகுளிர் அறை இருக்கிறது. மலையில் செடி பிடிபட்டால் வழக்குக்காக ஒரு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பத்தான் போகிறார்கள். அதோடு, நீதிமன்ற அனுமதியின்பேரில், முற்றிய விதை இருந்தால் ஒரு உறையில் விதை, கூடவே உலர்த்திய இலை இரண்டு. மேலே எந்த மலை, என்ன உயரம், என்ன தேதி என்று எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்பட்டும். மிச்சத்தை எரிக்கட்டும். இதற்குக் கேரளமும் தமிழ்நாடும் ஒரே மாதிரி உத்தரவு போட வேண்டும். மேகமலையும் வருசநாடும் தமிழ்நாட்டுப் பக்கம், வண்டன்மேடும் வட்டவடையும் கேரளப் பக்கம். மகரந்தத்துக்கு செக்போஸ்ட் கிடையாது.

இப்போது மலையில் பிடிபடுவது பழைய செடிதானா, இல்லை ஆந்திர விதையா, கூரியரில் வந்த வெளிநாட்டு விதையா என்ற கேள்வி நியாயமானது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மரபணுவை ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒப்பிட, கலப்பு வருவதற்கு முந்தைய மாதிரி வேண்டும். அதற்குத்தான் பழைய உலர்மாதிரிகள். கோவையில் இருக்கிற மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய தாள்கள்கூட இருக்கின்றன. மாணவியாக ஒரு தடவை போயிருக்கிறேன், பாச்சைக்கு வைத்த மருந்து வாசனை அடிக்கும் இரும்பு அலமாரிகள். அதில் மேற்கு மலையின் கஞ்சாத் தாள் இருந்தால் தேடி எடுக்கட்டும். காய்ந்த இலையிலிருந்தும் மரபணு எடுக்க முடியும்.

நம் பக்கத்தில் இந்தச் செடிக்குப் பதிவு அதைவிடப் பழசு. 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான, மலபார் செடிகளைப் பற்றிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ் நூலின் 10-ஆம் தொகுதியில், சேர்த்தலை பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்கள் சொல்லக் கேட்டுத் தொகுத்த செடிகளுக்கு நடுவில், 'கஞ்சாவ்' என்ற பெயரோடு இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செறு கஞ்சாவ் என்று பெயர். முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த நூலைத் தொகுத்த டச்சு அதிகாரிக்கு, இந்த ஊர்ச் செடியைப் பெயர் கேட்டுப் படம் வரைந்து வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எடுத்தவர் சிரித்துவிட்டு, "டீச்சர், காப்பாத்துறதுக்கு வேற செடியே கிடைக்கலையா?" என்றார். குறிஞ்சியைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது, சந்தனத்துக்குக் காவல் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். கெட்ட பெயர் எடுத்த செடிக்கு ஆள் இல்லை என்பதால்தான் நான் போன் செய்தேன். அவருக்கு அதைச் சரியாகச் சொல்ல அன்று எனக்கு வார்த்தை வரவில்லை.

என்னிடம் இருக்கிற பதினொரு விதையும் முளைக்காது. 48 வருடம் சாதாரணக் காகிதத்தில், இந்த மலை ஈரத்தில் இருந்தவை. நான் முளைக்கவைத்துப் பார்க்கவும் இல்லை. அது என் வேலையும் இல்லை, சட்டமும் விடாது. ஆனால் தாளில் ஊர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உயரம் சுமார் 3,500 அடி என்று 19 வயதுப் பெண்ணின் கையெழுத்தில் இருக்கிறது. 'வளர்த்தவர்' என்ற இடத்தில் அப்பத்தா பெயரை எழுதியிருக்கிறேன். அரசு நிலையம் எதுவானாலும் முறைப்படி ரசீது கொடுத்துக் கேட்டால், தாளை அப்படியே ஒப்படைக்கிறேன். அது சட்டத்துக்கு முந்தைய செடி, கலப்புக்கு முந்தைய செடி. மலையில் இனிமேல் கிடைப்பதை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஒரே ஒரு வேண்டுகோள். காலம் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய மலைச்செடியாக இருந்தால் தை, மாசிக்கு முன்னால் விதை முற்றாது. புரட்டாசியிலேயே பிடுங்கி எரித்த செடியில் எடுத்து வைக்க ஒன்றும் இருக்காது. ஐப்பசிக்குள் உத்தரவு வந்துவிட்டால், வருகிற தை மாதச் சோதனையிலிருந்தே உறையில் எடுக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குமுளி, இடுக்கி மாவட்டம்.